சிறுகோளுக்கு ஆள் அனுப்புவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025 வாக்கில் மனிதர்களைச் சிறுகோள் ஒன்றுக்கு அனுப்பப்போவதாக 2010இல் ஒபாமா அறிவித்தார். யாரும் போகவில்லை. பணம்தான் காரணமா? 2029இல் அபோஃபிஸ் என்ற சிறுகோள் பக்கத்திலேயே வருகிறதே, அப்போதாவது போகலாமே?

ர.

அன்புள்ள ர.,

பணமும் ஒரு காரணம். பெரிய சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. பூமியின் பாதையை ஒத்த பாதையில் செல்லும் சிறுகோள்களை அடையத்தான் எரிபொருள் குறைவாகத் தேவைப்படும். ஆனால் பாதை ஒத்திருப்பதாலேயே அவை மறுபடி நம் அருகே வரப் பல ஆண்டுகள், சில சமயம் பல பத்தாண்டுகள் ஆகும். ராக்கெட் புறப்பாடு சில வாரங்கள் தள்ளிப்போனால் இலக்கே கைநழுவிவிடும். தள்ளிப்போகாத ராக்கெட்டை யார் பார்த்தது? நிலவோ எப்போதும் அங்கேயே இருக்கிறது.

நாசா பிறகு திட்டத்தைத் திருப்பிப் போட்டது. இயந்திரக் கலம் சிறுகோளிலிருந்து ஒரு பாறையைப் பெயர்த்து நிலவருகே கொண்டுவரும், வீரர்கள் அங்கே சென்று அதை ஆராய்வார்கள் என்றது. 2017இல் அதுவும் கைவிடப்பட்டது. எனக்கு வருத்தமில்லை. ஆள் போக வேண்டிய தூரத்தையே அந்தத் திட்டம் குறைத்துவிட்டது.

போனாலும் அங்கே நடக்க முடியாது. சுமார் 500 மீட்டர் அகலமுள்ள பென்னு என்ற சிறுகோளில் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் எம்பினாலே விண்வெளிக்குப் போய்விடுவோம். தரையும் உறுதியில்லை. 2020 அக்டோபரில் நாசாவின் ஆளில்லா ஒசைரிஸ்-ரெக்ஸ் கலத்தின் கை அதைத் தொட்டபோது, ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் அரை மீட்டர் உள்ளே இறங்கியது. கயிறு கட்டலாம் என்றால் முளையை எதில் அடிப்பது?

அந்தக் கலம் 2023இல் கொண்டுவந்த 121.6 கிராம் மண்ணில் உப்புகளும், உயிர்கள் பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களில் பதினான்கும் கிடைத்தன. ஆகவே மண்ணுக்காக ஆள் அனுப்பச் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்குப் போவது மெய்யான எண்ணம் என்றால் மட்டும் அனுப்பலாம். நிலவிலிருந்து மூன்று நாளில் வீடு திரும்பலாம். சிறுகோள் பயணத்தில் நடுவழியில் மனம் மாறினாலும், பல்வலி வந்தாலும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியை நிலவு தராது.

அபோஃபிஸ் 2029 ஏப்ரல் 13 அன்று பூமிக்கு மேல் சுமார் 32,000 கிலோமீட்டரில் கடக்கும். ஆனால் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில். அதில் இறங்க வேண்டுமானால் அதன் வேகத்தை எட்டியாக வேண்டும். எட்டியவர்கள் அதனுடனேயே சூரியனைச் சுற்றப் புறப்பட்டுவிடுவார்கள், திரும்பிவர இன்னொரு ராக்கெட் அளவுக்கு எரிபொருள் வேண்டும். பென்னுவில் மண் அள்ளிய அதே கலத்தை, பெயரை மாற்றி, அபோஃபிஸுக்குப் பின்னால் அனுப்பத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்குத் திரும்பி வரும் கவலை இல்லை.