கிளைகள் படிகமாதலைத் தடுக்கின்றனவா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் முதுநிலை வேதியியல் பயில்கிறேன். பாலிஎத்திலீனின் மூலக்கூற்றுச் சங்கிலியில் கிளைகள் கூடினால் படிகத்தன்மை (சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பகுதியின் அளவு) குறையும் என்பது பாடம். ஆனால் கிளைகள் கொண்ட பாலிலாக்டிக் அமிலம் என்னும் மக்கும் நெகிழி, கிளையற்ற நேர்ச்சங்கிலியைவிட விரைவாகப் படிகமாகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. எதை நம்புவது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையும் நம்பலாம். உங்கள் பாடம் எவ்வளவு படிகமாகிறது என்பதைச் சொல்கிறது. அந்த ஆய்வுகள் எவ்வளவு வேகமாக என்பதைச் சொல்கின்றன. கிளைகளும் ஒரே வகையானவை அல்ல.

சங்கிலி நெடுகிலும் குட்டையான கிளைகள் நிறைய இருந்தால், படிக அணிக்கோவையில் (படிகத்தின் ஒழுங்கான அடுக்கில்) இடம் கிடைக்காமல் அவை வெளியே தள்ளப்படுகின்றன. பாக்டீரியாக்கள் உருவாக்கும் பிஎச்பி நெகிழி ஏறத்தாழ 175 டிகிரியில் உருகும், எளிதில் நொறுங்கும். அதில் புரோப்பைல் பக்கக்கிளை கொண்ட ஹெக்சனோயேட் அலகுகளைக் கலந்தால் படிகத்தன்மையும் உருகுநிலையும் இறங்கி, வளையும் தன்மை வருகிறது. எத்தில் கிளை கொண்ட வேலரேட் அலகோ அதே படிகத்துக்குள் ஓரளவு நுழைந்துகொள்வதால், படிகத்தன்மையை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. கிளையில் ஒரே ஒரு கார்பன் கூடுவது இவ்வளவு வேறுபாட்டைத் தருவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பாலிலாக்டிக் அமிலத்தில் நீங்கள் வாசித்தவை எண்ணிக்கையில் குறைந்த, நீளமான கிளைகள். பெராக்சைடு அல்லது எபாக்சி சங்கிலி நீட்டிகளைச் சேர்த்து உருக்கும்போது அவை உருவாகின்றன. கிளைக்கணுக்களின் (கிளை பிரியும் இடங்களின்) அருகே, படிகம் வளரத் தொடங்கும் புள்ளிகளான படிகக்கருக்கள் எளிதாகத் தோன்றுகின்றன என்பதே பெரும்பாலும் தரப்படும் விளக்கம். ஆனால் கிளை இழுத்துப் பிடிப்பதால் சங்கிலியின் அசைவு குறைந்து, ஒவ்வொரு கருவும் மெதுவாகவே வளர்கிறது. முனைவாக்க நுண்ணோக்கியில் நேர்ச்சங்கிலி மாதிரி, கருவிலிருந்து எல்லாத் திசைகளிலும் வளர்ந்த சில பெரிய கோளப்படிகங்களையும், கிளைச்சங்கிலி மாதிரி நெருக்கமான பல சிறிய கோளப்படிகங்களையும் காட்டும். கருக்களின் பெருக்கம் வளர்ச்சியின் தாமதத்தை விஞ்சி நிற்கும்வரை, படிகமாதலுக்கான மொத்த நேரம் குறையும். கிளைகள் மிகுந்து, கணுக்களிலிருந்து நீளும் சங்கிலித் துண்டுகள் குட்டையானால் உருகுநிலையும் படிகத்தன்மையும் சரியத் தொடங்கும். ஆகவே ஒரு கட்டுரையை எடுத்தால், அரைப்படிகமாதல் நேரம் (படிகமாதலில் பாதி முடிய ஆகும் நேரம்) அளக்கப்பட்டதா, இறுதிப் படிக விழுக்காடு அளக்கப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

நடைமுறையில் இந்த வேகம் முக்கியமானது. அச்சில் விரைவாகக் குளிர்ந்து படிகமாகாமல் நின்றுவிட்ட பாலிலாக்டிக் அமிலக் குவளை 60 டிகிரியை நெருங்கும்போதே இளகி, சூடான தேநீரில் கோணிக்கொள்ளும். படிகமான குவளை அதைத் தாங்கும். ஆனால் நீர் முதலில் புகுவது படிகமாகாத பகுதிகளில்தான் என்பதால், அது உரக்கிடங்கில் சிதையக் கூடுதல் காலம் எடுத்துக்கொள்ளும்.