இரண்டு சர்வர்களில் ஒரே பகிர்வுக் கோப்புறை: சேமித்த திருத்தம் எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் இரண்டு அலுவலகங்களிலும் விண்டோஸ் சர்வர் வைத்து, ஒரே பகிர்வுக் கோப்புறையை டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் மூலம் ஒத்திசைத்திருக்கிறோம். எக்செல் கோப்புகளில் சேமித்த திருத்தங்கள் மறுநாள் காணாமல் போகின்றன. ஒரு சர்வர் நின்றுபோய்த் திரும்பி வந்த நாளில் இது மிக அதிகமாக நடந்தது. அவற்றை மீட்க முடியுமா? இனி எப்படித் தடுப்பது?

பதில்: பெரும்பாலும் மீட்கலாம், ஆனால் தாமதிக்கக் கூடாது, ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரே கோப்பு இரண்டு சர்வர்களிலும் மாறியிருந்தால், டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் இரண்டு திருத்தங்களையும் ஒன்றுசேர்க்க முயல்வதில்லை. கடைசியாக மாறிய பிரதியை வைத்துக்கொண்டு, தோற்றுப்போன மற்ற பிரதியை 'கான்ஃப்ளிக்ட் அண்ட் டெலிட்டட்' என்ற கோப்புறைக்கு நகர்த்திவிடுகிறது. பகிர்வுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'டிஎஃப்எஸ்ஆர் பிரைவேட்' என்ற கோப்புறையில் அது இருக்கும். அங்கே போகும் கோப்பின் பெயரோடு நீளமான அடையாள எண் ஒன்று ஒட்டிக்கொள்ளும். எந்தக் கோப்பு எந்த இடத்திலிருந்து வந்தது என்பது அருகிலுள்ள எக்ஸ்எம்எல் பட்டியலில் பதிவாகியிருக்கும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 முதல், இவற்றைப் பட்டியலிடவும் மீட்கவும் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லிலேயே கட்டளைகள் உண்டு. மீட்கும்போது பழைய இடத்திலேயே வைக்காமல் தனிக் கோப்புறை ஒன்றில் நகலெடுத்து, கோப்புக்கு உரியவரிடமே ஒப்பிடக் கொடுங்கள். எந்தத் திருத்தம் தேவை என்பதை நிர்வாகியால் தீர்மானிக்க முடியாது.

'கான்ஃப்ளிக்ட் அண்ட் டெலிட்டட்' கோப்புறை மறு சர்வருக்கு ரெப்ளிகேட் ஆவதில்லை என்பதால் இரண்டு சர்வர்களிலும் தனித்தனியே தேட வேண்டும். இதன் அளவுக்கும் வரம்பு உண்டு: பழைய பதிப்புகளில் 660 எம்பி, பிந்தையவற்றில் 4 ஜிபி. வரம்பில் 90 சதவீதம் நிரம்பியதும் பழைய கோப்புகளை அழித்து 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடும். மறுமுனையில் நீக்கப்பட்ட கோப்புகளும் இதே இடத்துக்கே வருவதால், யாராவது பெரிய கோப்புறை ஒன்றை நீக்கினால் நீங்கள் தேடும் எக்செல் கோப்பு வெளியே தள்ளப்பட்டுவிடும். வரம்பை இன்றே உயர்த்திவிடுங்கள். நிகழ்வுப் பதிவில் 4412 என்ற எண்ணைத் தேடினால் எந்தெந்தக் கோப்புகள் மோதின என்பது தெரியும்.

இனி காரணம். ஒரே சர்வரில் இருவர் ஒரு கோப்பைத் திறந்தால், இரண்டாமவருக்கு 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்ற அறிவிப்பு வருகிறது. அந்தப் பூட்டு அந்த ஒரு சர்வருக்குள் மட்டுமே செல்லும். மறு சர்வருக்குப் போகாது. காலை 10 மணிக்கு ஒருவர் முதல் சர்வரில் கோப்பைத் திறந்து வேலை செய்கிறார் என்று வையுங்கள். 10.15க்கு இன்னொருவர் இரண்டாவது சர்வரில் அதையே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறக்கிறார். முதலாமவர் 11க்கும் இரண்டாமவர் 11.05க்கும் சேமித்து மூடினால், முதலாமவரின் ஒரு மணி நேர உழைப்பு ஓசையின்றி ஒதுக்கப்படும். சர்வர்களின் கடிகாரம் பிசகியிருந்தால், கடைசியில் சேமித்தவரே தோற்கவும் கூடும்.

சர்வர் விழுந்து எழும்போது இதே மோதல் மொத்தமாக நடக்கிறது, அதுவும் இரண்டு முறை. முதலாவது, விழும் நேரத்தில்: மறுமுனைக்குப் போய்ச் சேராத மாற்றங்கள் விழுந்த சர்வரிலேயே சிக்கிக்கொள்கின்றன, ஊழியர்கள் மறு சர்வரில் பழைய பிரதியைத் திறந்து திருத்துகிறார்கள், முதல் சர்வர் திரும்பியதும் சிக்கியிருந்தவை தோற்றுப்போகின்றன. இரண்டாவது, எழும் நேரத்தில்: பகலெல்லாம் இரண்டாவது சர்வரில் நடந்த வேலை முதல் சர்வருக்கு வந்து சேர்வதற்குள், தானாகத் திரும்பும் வசதியான 'கிளையன்ட் ஃபெயில்பேக்' ஊழியர்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அவர்கள் பழைய பிரதியைத் திறந்து ஒரு வரி சேர்த்துச் சேமித்தாலே போதும், அதுவே 'கடைசி மாற்றம்' ஆகி, பகல் முழுவதும் செய்த வேலையைத் தோற்கடித்துவிடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே எழுதும் இடம் எந்த நேரத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டு சர்வர்களையும் ஒரே முகவரியின் கீழ்க் காட்டும் டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸில் ஒரு சர்வரை மட்டும் இயக்கத்தில் வைத்து, மற்றதன் பரிந்துரையை, அதாவது கணினிகளை அந்தச் சர்வருக்கு அனுப்பும் குறிப்பை, முடக்கிவிடுங்கள். ரெப்ளிகேஷன் வழக்கம்போல் ஓடும். ஃபெயில்பேக்கையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவதைக் கடைசி முன்னுரிமையில் வைத்துத் தானாக மாறவிடும் வழியும் உண்டு. ஆனால் மனிதர் ஒருவர் பார்த்து மாற்றுவதையே நான் விரும்புவேன். சில நிமிடங்கள் தாமதமானாலும் எதைத் திறக்கிறோம் என்பது தெரிந்திருக்கும். கோப்புறைப் பரிந்துரையைக் கணினிகள் 1800 விநாடி நினைவில் வைத்திருக்கும் என்பதால், திட்டமிட்டு இடம் மாற்றும்போது அந்த அரை மணி நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அனுப்பாமல் தேங்கிய மாற்றங்களின் எண்ணிக்கையை, அதாவது பேக்லாக்கை, மணிக்கொரு முறை பதிவு செய்யும் சிறு நிரலை ஓடவிடுங்கள். சர்வர் விழுந்த பிறகு அதனிடம் இதைக் கேட்க முடியாது. பேக்லாக் அடிக்கடி ஏறினால், அனுப்பும் முன் மாற்றங்களைத் தற்காலிகமாக வைக்கும் ஸ்டேஜிங் கோப்புறைக்கு இயல்பாக 4 ஜிபியாக உள்ள வரம்பு போதவில்லையா என்று பாருங்கள். கோப்புறையிலுள்ள மிகப் பெரிய 32 கோப்புகளின் கூட்டு அளவாவது அது இருக்க வேண்டும்.

விழுந்த சர்வர் திரும்பியதும் இரண்டு திசைகளிலும் பேக்லாக் பூஜ்யமாகும் வரை அதன் பரிந்துரையை இயக்காதீர்கள். 60 நாட்களுக்கு மேல் பிரிந்திருந்தால், அதன் தரவு பழையதென்று கருதி ரெப்ளிகேஷன் தானே நின்றுவிடும். அப்போது அதில் மட்டும் உள்ள கோப்புகளை முதலில் வெளியே நகலெடுத்து வைத்துவிட்டு, பிறகே மீண்டும் இணையுங்கள்.