நூபியா வழியில்: வாசகர் கேள்வி-பதில்

வடக்கு சூடானில் நூபியர் நாட்டைத் தரைவழியாகக் கடந்த அனுபவத்தைச் சென்ற இதழ்களில் எழுதியிருந்தேன். சூடானில் 2023-ல் போர் தொடங்குவதற்கு முந்தைய குளிர்காலத்தில் போனது அது. ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை நான். கார்ட்டூமில் வேலையில் இருந்த என் தம்பியும், அவனுடைய நூபிய ஓட்டுநரும் உடன் வந்தார்கள். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கார்ட்டூமிலிருந்து எகிப்து எல்லை வரை பாதை இருக்கிறதா? எந்த வழியாகப் போனீர்கள்?
– வாசகர், காரைக்குடி

நல்ல தார்ச்சாலை இருக்கிறது. ஆனால் நைல் அங்கே நேராக ஓடுவதில்லை. வடக்கே போய், திடீரென்று தென்மேற்காகத் திரும்பி, பிறகு மறுபடி வடக்கைப் பிடிக்கிறது. ஆற்றை விடாமல் போனால் சுற்று அதிகம். அதனால் முதலில் ஷெந்தி வழியாக, பிரமிடுகள் இருக்கும் மெரோவே. அத்பராவில் ஆற்றைக் கடந்து பயூடா பாலைவனத்தைக் குறுக்கே வெட்டினால் கரிமா. அங்கிருந்து பழைய டொங்கோலா, கெர்மா, அப்ரி, கடைசியில் வாடி ஹல்ஃபா. சோலெப் கோயில் மேற்குக் கரையில் இருக்கிறது. வாவா கிராமத்திலிருந்து படகில் போக வேண்டும். பழைய கோயில்கள் இருக்கும் நாகா, முசவ்வராத் இரண்டுக்கும் மட்டும் சாலையை விட்டு இறங்கி மணலில் ஓட்டினோம்.

வெளிநாட்டவர் வந்திறங்கிய சில நாட்களுக்குள் காவல்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது, படம் எடுக்கத் தனி அனுமதிச் சீட்டும் வேண்டியிருந்தது. நம் வங்கி அட்டை எதுவும் அங்கே வேலை செய்யவில்லை. கையில் டாலராகக் கொண்டுபோனதுதான் காசு.

கரிமாவில் கடைத்தெருவுக்குப் போக ஆட்டோ பிடித்தோம். நம்ம ஊர் பஜாஜ்! அதை அங்கே 'ரக்‌ஷா' என்கிறார்கள்.

எகிப்தைவிட சூடானில் பிரமிடுகள் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மையா? அவை எகிப்தைப் பார்த்துச் செய்த நகல்தானே?
– கல்லூரி மாணவி, திருச்சி

எண்ணிக்கை உண்மைதான். எகிப்தில் இருப்பவை நூற்றுச் சொச்சம். சூடானில் இருநூறுக்கும் மேல். ஆனால் 'நகல்' என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எகிப்தின் பெரிய பிரமிடுகள் கட்டி ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, அங்கே அரசர்கள் பிரமிடு கட்டுவதையே விட்டுவிட்ட காலத்தில், நூபிய அரசர்கள் அந்த வடிவத்தைக் கையில் எடுத்தார்கள். எடுத்துத் தங்களுடையதாக ஆக்கினார்கள். மெரோவேயில் பிரமிடுகள் ஒல்லியாக, செங்குத்தாக நிற்கின்றன. கல்லறை உள்ளே இல்லை. அடியில் பாறையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். கிழக்கு முகத்தில் ஒரு சின்ன வழிபாட்டு அறை. அதன் சுவரில் ராணிகளைப் பாருங்கள். பருத்த உடம்போடு, கையில் ஆயுதத்தோடு, எதிரிகளைக் குத்தும் கோலத்தில் நிற்கிறார்கள். பெண்கள் தங்கள் பெயரிலேயே ஆண்ட நாடு அது. அமானிரேனாஸ், அமானிஷகேட்டோ, அமானிடோரே என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. இத்தனை வருடம் பாடம் எடுத்தும் இந்தப் பெயர்களை ஒரு வகுப்பிலும் நான் சொல்லும்படி எந்தப் பாடப்புத்தகமும் அமையவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பல பிரமிடுகளுக்குத் தலை இல்லை. 1834-ல் ஜுசெப்பே ஃபெர்லினி என்ற இத்தாலிய மருத்துவர் புதையல் தேடி வந்து உடைத்துத் தள்ளினார். அமானிஷகேட்டோவின் நகைகள் கிடைத்தன. அவை இன்று பெர்லினிலும் மூனிக்கிலும் இருக்கின்றன. அவள் பிரமிடு இருந்த இடத்தில் கல் குவியல்தான் மிச்சம்.

எல்-குர்ரு என்ற அரச இடுகாட்டைத் தவற விடக் கூடாது. ஓட்டுநர் விசாரித்துச் சாவிக்காரரைக் கூட்டிவந்தார். படி இறங்கினால் தனூடமானி என்ற அரசரின் கல்லறை. சுவரெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக ஓவியம், நேற்று பூசியதுபோல. அதே இடுகாட்டில் அரசர்களின் குதிரைகளையும் நின்ற நிலையில் புதைத்திருக்கிறார்கள். எகிப்தை வென்ற பியே மன்னர், தோற்ற சிற்றரசன் ஒருவனின் லாயத்துக்குள் போய், பட்டினி கிடந்த குதிரைகளைப் பார்த்துக் கோபப்பட்டதைத் தன் வெற்றிக் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தார். அந்தக் கல்வெட்டு ஜெபல் பர்கல் மலையடிவாரத்தில் கிடைத்தது. இவருடைய மகன்தான் பைபிளிலும் பெயர் வரும் தஹர்கா.

நூபியர்களுக்கும் தமிழர்களுக்கும் தொடர்பு உண்டு என்று இணையத்தில் படித்தேன். உங்கள் கருத்து?
– வாசகர், மதுரை

இந்தக் கேள்வி பல கடிதங்களில் வந்தது. இதன் பின்னால் உண்மையான ஒரு சம்பவம் இருக்கிறது. அஸ்வான் அணையால் நூபியா மூழ்கப்போகிறது என்றதும் யுனெஸ்கோ உலக நாடுகளை உதவிக்கு அழைத்தது. இந்தியத் தொல்லியல் துறையும் போனது. பி.பி.லால் தலைமையில் 1962-ல் எகிப்து நூபியாவில் அஃபியே என்ற இடத்தில் தோண்டினார்கள். அங்கே கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகள் நம் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பானைகளைப் போல இருப்பதை லால் கவனித்து எழுதினார். ஆதிச்சநல்லூர் பானைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒற்றுமை சட்டென்று தெரியும்.

ஆனால் பானை ஒன்றுபோல இருப்பதாலேயே மக்கள் ஒன்றாகிவிட மாட்டார்கள். பானையின் வாய்ப்பகுதிக்குக் காற்றுப் படாமல் சுட்டால் அது கருக்கும், காற்றுப் பட்ட பகுதி சிவக்கும். இந்த நுட்பத்தைத் தொடர்பே இல்லாத இரண்டு ஊர்க் குயவர்களும் கண்டுபிடிக்கலாம். காலமும் பொருந்தவில்லை. நூபியப் பானைகள் நம்முடையதைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. மொழியும் வேறு. நூபிய மொழிகள் நைல்-சகாராக் குடும்பம், தமிழ் திராவிடம். மெரோவே எழுத்தின் ஒலிகளை கிரிஃபித் என்ற அறிஞர் 1911 வாக்கிலேயே படித்துவிட்டார். அதன் சொற்களுக்குப் பெரும்பாலும் இன்னும் பொருள் தெரியாது. பொருள் தெரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் மொழியைக் கொண்டுபோய் வைக்கலாம். நாம் அதைச் செய்ய வேண்டாம். நூபியர்களின் பழைய பெருமையைப் பலரும் பங்கு கேட்டிருக்கிறார்கள், நாமும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

நாகாவில் சிங்கமுகத் தெய்வமான அபேடெமாக்குக்கு மூன்று தலை, நான்கு கை வைத்த சிற்பம் இருக்கிறது. அதைப் பார்த்து இந்தியச் சாயல் என்று ஊகித்த ஐரோப்பிய அறிஞர்களும் உண்டு. நான் அந்தச் சுவர் முன்னால் நெடுநேரம் நின்றேன். இருபுறமும் நின்று வணங்குகிறவர்களை ஒரே தெய்வம் பார்க்க வேண்டியிருந்ததால், சிற்பி முகங்களை இப்படி அடுக்கியிருக்கலாம் என்ற விளக்கம்தான் எனக்கு ஏற்புடையதாகப் பட்டது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே சமாளிக்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

தாராளமாக. 'ஃபூல்' என்று ஒன்று, மொச்சை மாதிரி ஒரு பயறைக் குழைய வேகவைத்து, மேலே நல்லெண்ணெய் ஊற்றித் தருவார்கள். ஆமாம், எள் எண்ணெய்தான்! வெங்காயம், தக்காளியோடு ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டால் காலை முதல் மதியம் வரை பசிக்காது. சோள மாவில் தோசைபோல மெல்லிசாகச் சுடும் 'கிஸ்ரா'வும் கிடைக்கும். இஞ்சி தட்டிப் போட்ட காப்பியை மறக்க முடியாது.

தனியாக ஒரு பெண், வயதானவர், பாலைவன கிராமங்களில் எப்படி நடத்தினார்கள்?
– வாசகி, சேலம்

என்னை எல்லோரும் 'ஹஜ்ஜா' என்று கூப்பிட்டார்கள். மெக்கா போய்வந்த பெண்ணுக்கு உரிய மரியாதைச் சொல். நரைத்த தலைக்கும் அதையே சொல்கிறார்கள். அப்ரிக்குப் பக்கத்து கிராமத்தில் ஓட்டுநரின் அக்கா வீட்டில் தங்கினோம். மண் சுவர், உயரமான வாசல், வாசலைச் சுற்றி வெள்ளையும் நீலமுமாகக் கோலங்கள். பழைய வீடுகளில் பீங்கான் தட்டுகளைச் சுவரிலேயே பதித்திருக்கிறார்கள். முற்றத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு, கொசுவலை மாதிரி ஒன்றை என் முகத்துக்குத் தந்தார்கள். குளிர்காலத்தில் அங்கே கண்ணிலும் மூக்கிலும் புகும் பொடி ஈக்கள் அதிகம். வயலில் வேலை செய்கிறவர்களும் தலையில் வலை கட்டியிருந்தார்கள்.

அந்த அக்கா என் கையைப் பிடித்து ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். பேரீச்ச மரங்களைக் காட்டி, இது தாத்தா வைத்தது, இது என் மகன் பிறந்தபோது வைத்தது என்றார். ஒரே மரத்தில் பலருக்குப் பங்கு இருக்குமாம். நட்டவருக்கு, நிலத்துக்காரருக்கு, தண்ணீர் ஊற்றியவருக்கு என்று காய்ப்பு பிரியும். கெய்ரோவிலும் சவூதியிலும் பிழைக்கப் போனவர்கள்கூட அந்தப் பங்கை விடுவதில்லை.

வழியெங்கும் நிழலில் மண் ஜாடிகள் வரிசையாக இருக்கும், மேலே ஒரு குவளை. யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். நம் தண்ணீர்ப் பந்தல்தான், ஆனால் வருடம் முழுக்க. இறந்தவர்கள் பெயரில் வைப்பார்கள் என்று ஓட்டுநர் சொன்னார். தண்ணீர் குறைந்திருந்தால் அவரே வண்டியிலிருந்து கேனை இறக்கி நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவார்.

வாடி ஹல்ஃபா பற்றி இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். ஏன்?
– வாசகர், மேட்டூர்

அணைக்கட்டு ஊரான மேட்டூரின் பெயரைப் பார்த்ததுமே உங்கள் கேள்வியின் பொருள் எனக்குப் புரிந்தது. சரி, இப்போது எழுதுகிறேன்.

இன்றைய வாடி ஹல்ஃபா ஏரிக்கரையில் இருக்கும் ஒரு புது ஊர். பழைய ஊர் தண்ணீருக்குள். அஸ்வான் உயர் அணை 1960-ல் தொடங்கியது. ஏரி எல்லையைத் தாண்டி சூடானுக்குள்ளும் வந்தது. அபு சிம்பெல் கோயிலை வெட்டி 65 மீட்டர் உயரே தூக்கி வைத்ததை உலகமே பாராட்டியது. பூஹென், செம்னா கோயில்கள் கார்ட்டூம் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஃபாரஸ் தேவாலயத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட சுவரோவியங்களைப் போலந்து நாட்டவர் உரித்தெடுத்தார்கள். நான் அதையெல்லாம் குறை சொல்லவில்லை. பெரிய வேலை அது. ஆனால் அதே காலத்தில், 1964-ல், சூடான் பக்கத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 50,000 நூபியர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். மழையே காணாத ஆற்றங்கரைக்காரர்களை, கோடை மழை கொட்டும் கசலா மாகாணத்தில், நைலை விட்டு வெகுதூரத்தில் குடியமர்த்தினார்கள். எகிப்துப் பக்கத்திலும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை.

சிலர் போகவில்லை. தண்ணீர் ஏற ஏறக் குடிசையைப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்து அங்கேயே இருந்தார்கள். இன்றைய வாடி ஹல்ஃபா அவர்கள் உண்டாக்கியது. தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் ஏரியைக் கைகாட்டி, தெரு, பள்ளிக்கூடம், மசூதி, மாமா வீடு என்று தண்ணீரின் மேலேயே ஒவ்வோர் இடமாகக் காட்டினார். அதை இரண்டு வரியில்தான் என்னால் அப்போது எழுத முடிந்தது.

அது பழைய கதையும் அல்ல. 2009-ல் நைலின் பாறைத்தடைகளில் நான்காவதன் அருகே மெரோவே அணை (பிரமிடு மெரோவே அல்ல, கரிமா பக்கத்தில் அதே பெயர்போல ஒலிக்கும் வேறு ஊர்) திறந்தபோது மேலும் பல்லாயிரம் பேர் வெளியேறினார்கள். கஜ்பாரில் இன்னோர் அணை என்ற பேச்சு வந்ததும் கிராமத்தார் எதிர்த்தார்கள். 2007-ல் காவல்துறை சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த அணை இன்னும் கட்டப்படவில்லை.

எல்லாவற்றிலும் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

கெர்மா. படம் எடுத்தால் அழகாக வராத இடம். சுமார் 18 மீட்டர் உயரத்தில் மண் செங்கல் குன்று ஒன்று, அதை 'தெஃபூஃபா' என்கிறார்கள். நாலாயிரம் வருடத்துக்கு முன் ஒரு தலைநகரின் நடுவில் இருந்த கோயில். அரசர் ஒருவரின் சமாதியைச் சுற்றி நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மாட்டுத் தலைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். 1913-ல் தோண்ட வந்த ரைஸ்னர் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் தெஃபூஃபாவை எகிப்திய ஆளுநரின் கோட்டை என்றே முடிவு கட்டினார். கருப்பு ஆப்பிரிக்கர்கள் இத்தனை பெரிய ஊர் கட்டியிருப்பார்கள் என்று அவரால் நினைக்க முடியவில்லை. சார்ல்ஸ் போனே என்ற ஸ்விட்சர்லாந்து அறிஞர் பல பத்தாண்டுகள் பொறுமையாகத் தோண்டி அதை மாற்றினார். 2003-ல் பக்கத்துக் குழி ஒன்றில் தஹர்கா முதல் அஸ்பெல்டா வரை ஐந்து அரசர்களின் ஏழு சிலைகள் கிடைத்தன. உடைக்கப்பட்டு, பிறகு யாரோ அக்கறையாகப் புதைத்து வைத்த சிலைகள். ஒட்டவைத்து அங்கேயே அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் போன அன்று பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். டீச்சர் ஒவ்வோர் அரசரின் பெயரையும் சத்தமாகச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

இப்போது போக முடியுமா?
– வாசகர்கள், பல ஊர்களிலிருந்து

முடியாது, போக வேண்டாம். 2023 ஏப்ரல் 15-ல் போர் தொடங்கியது. என் தம்பி நாடு திரும்பிவிட்டான். கார்ட்டூமிலிருந்து தப்பியவர்கள் ஏராளமாக வடக்கே ஓடியபோது, நாங்கள் கடந்து வந்த கிராமங்கள் அவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டன. அப்ரி அக்கா வீட்டிலும் முற்றம் நிறைய ஆட்கள் இருந்ததாக ஓட்டுநர் செய்தி அனுப்பினார். கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகம் கொள்ளை போனது. 2025 மார்ச்சில் ராணுவம் நகரத்தை மீட்டபோது காப்பறைகள் காலியாகக் கிடந்தன. தூக்க முடியாத தஹர்கா சிலை நின்றிருந்தது. அங்கிருந்து திருடப்பட்டவை எந்தச் சந்தையிலும் வரலாம். பழம்பொருள் வாங்கும் பழக்கம் உள்ள வாசகர்கள் நூபியப் பொருள் என்று யார் எதைக் காட்டினாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நூபியாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் எகிப்தின் அஸ்வானில் 1997-ல் திறந்த நூபிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஐரோப்பா போகிறவர்களுக்கு வார்சாவில் ஃபாரஸ் ஓவியங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைக் கேட்டுப் பாருங்கள். கெர்மாவிலும், நூரி என்ற அரச இடுகாட்டிலும் ரைஸ்னர் தோண்டியதில் பெரும்பங்கு அங்கேதான்.