பழைய கியர் கார் வாங்கும் முன் சாவியை நீங்கள் கையில் வாங்குங்கள்

"செகண்ட் ஹாண்டில் ஒரு மேனுவல் கியர் கார் வாங்கப் போகிறேன். லைசென்ஸ் இருக்கிறது, வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் போதுமா, நானும் ஓட்டிப் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் நீங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். மெக்கானிக் வரட்டும், பக்கத்து சீட்டில் இருக்கட்டும். ஓட்டுவது நீங்களாக இருக்க வேண்டும். லைசென்ஸ் எடுத்த பிறகு அதிகம் ஓட்டியிருக்க மாட்டீர்கள், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வண்டி ஆஃப் ஆகிவிடுமோ என்று தயங்குகிறீர்கள், அதனால்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2018இல் நானும் அந்தத் தயக்கத்தோடுதான் போனேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் என்ற ஊர்ப் பக்கம். வீட்டுக்காரர் குவைத்தில். பிள்ளைகளைப் பள்ளியில் விட, மாமியை நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்ட ஒரு வண்டி வேண்டும் என்று முடிவு செய்தோம். 2012 மாடல் சின்ன டீசல் கார், டி.என். 74 நம்பர், மீட்டரில் 58,000 கிலோமீட்டர். சொந்தத்தில் ஒரு பையன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான், அவனையும் அழைத்துக்கொண்டு தக்கலைக்குப் போனேன். நாங்கள் போகும்போதே வண்டி ஸ்டார்ட்டில்தான் நின்றது. ஏசி ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது. நான் டிரைவர் பக்கக் கதவைத் திறக்கப் போனேன். புரோக்கர், "அக்கா நீங்க பின்னால இரிங்க, தம்பி ஓட்டட்டும், அவனுக்குத்தானே தெரியும்" என்றார். நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன். மத்தியான நேரம், வில்லுக்குறி வரை மெயின் ரோட்டில் போய்த் திரும்பி வந்தோம். "வண்டி பக்கா" என்றான் பையன். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

ஒன்பதாவது நாள் பிள்ளைகளையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு திற்பரப்பு அருவிக்குப் புறப்பட்டேன். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து உள்ரோடுகள் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நேராகக் கொஞ்ச தூரம் கூடப் போகாது, ஏற்றமும் இறக்கமும்தான். குலசேகரத்துக்கு முன்னால் ஒரு ஏற்றத்தில் எனக்கு முன்னால் கல் ஏற்றிய டாரஸ் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நானும் இரண்டாம் கியருக்கு இறங்கினேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய வாடை வந்தது. முதல் கியர் போட்டேன், அதற்கும் அசையவில்லை. ஹாண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தும் பிடிக்காமல் வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. மாமி சத்தம் போட்டு ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். கால் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தேன், கால் நடுங்கியது. ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் ஓடி வந்து பின் டயருக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தார். அவர் பெயர் கூட நான் கேட்கவில்லை. இன்றும் அது மனதில் கிடக்கிறது.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்று கிளட்ச் செட் முழுவதையும் மாற்றி, ஹாண்ட் பிரேக்கும் சரி செய்து 17,500 ரூபாய் ஆனது. புரோக்கருக்குப் போன் செய்தேன். "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீங்க அக்கா?" என்றார். பணம் போனதை விட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது. நான் ஓட்டவே இல்லையே!

இதைப் படிக்கும் மெக்கானிக்குகள் கோபப்பட வேண்டாம். உங்கள் தொழிலைக் குறை சொல்லவில்லை. அந்தப் பையன் கமிஷன் வாங்கினான் என்றும் சொல்லவில்லை, எனக்கு அது தெரியாது. ஆனால் சமதளத்தில், சூடான இன்ஜினோடு, பாட்டுச் சத்தத்தில் பத்து நிமிடம் ஓட்டினால் தேய்ந்த கிளட்ச் கூட நன்றாகத்தான் போகும். ரோட்டையும் நேரத்தையும் விற்கிறவர் தேர்ந்தெடுத்தார். அதற்கு நான் விட்டது தவறு.

2022இல் அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு அடுத்தது பார்க்கப் போனபோது வேறு மாதிரி போனேன். முதல் நாள் இரவே, "காலையில் நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுவேன். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் ஏன் என்று கேட்பேன். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் பேட்டரியின் பலம், இன்ஜினின் தட்டல் சத்தம், சைலன்சர் புகை எல்லாம் மறைக்க முடியாமல் வெளியே வரும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கிளட்ச்தான் கியர் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது. பெடலை முழுக்க மிதித்து முதல் கியர் போட்டு மெல்ல விடுங்கள். கிட்டத்தட்ட முழுக்க மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் பிளேட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சில வண்டிகளில் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டாலும் அப்படி இருக்கும், அதனால் இதோடு நிற்காதீர்கள். காலி ரோட்டில் நாலாம் கியரில் நாற்பதில் போகும்போது ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதியுங்கள். சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அப்புறம் ஒரு ஏற்றத்தில் நிறுத்துங்கள். ஹாண்ட் பிரேக் மட்டும் வண்டியைப் பிடிக்கிறதா பாருங்கள். அங்கிருந்தே முதல் கியரில் எடுங்கள். முடிந்தால் வீட்டு ஆட்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு செய்யுங்கள். நம் மாவட்டத்தில் ஏற்றத்துக்குப் பஞ்சமே இல்லை, புரோக்கர் மெயின் ரோட்டுக்குத் திருப்பச் சொன்னால் நீங்கள் உள்ரோட்டுக்குத் திருப்புங்கள். வண்டியைத் தொடும் முன் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஏதாவது ஆனால் ஸ்டியரிங்கில் இருப்பது நீங்கள்தானே.

டாரஸ் லாரி என்றதும் இதையும் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் மலையை உடைத்துக் கல்லும் எம்-சாண்டும் (கல்லை அரைத்த மணல்) களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகிறது. பள்ளி விடும் நேரத்திலும் அந்த லாரிகள் ஓடுகின்றன. போட்ட தார் ஒரு மழைக்குத் தாங்குவதில்லை. இந்த ரோட்டில் ஓடிய வண்டியைத்தான் நாம் பழைய வண்டியாக வாங்குகிறோம். சஸ்பென்ஷன் தட்டாமல் எப்படி இருக்கும்? இதைப் பேசினால் அரசியல் என்கிறார்கள். தினமும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த ரோட்டில் போகிற எனக்கு அது அரசியல் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், ஏசியையும் கொஞ்ச நேரம் அணையுங்கள். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மிதித்தால் நின்று, விட்டால் வரும் உறுமல் என்றால் கியர் பாக்ஸ் உள்ளே பேரிங் போயிருக்கலாம், அது பெரிய செலவு. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கர்ரென்று கடிக்கிறதா, ஆக்சிலேட்டரை விட்டால் கியர் தானாக நியூட்ரலுக்கு வருகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் அடிக்கும்போது முன் சக்கரத்தில் டக் டக் என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம்.

மீட்டரை நம்பாதீர்கள். என் முதல் வண்டியில் 58,000 என்று காட்டியது, ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓட்டும் சீட்டில் உட்கார்ந்திருந்தால் என் கால் அதைக் கண்டுபிடித்திருக்கும்.

எங்கள் பக்கம் வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். குளச்சல் கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளை வண்டி பார்த்தேன், மேலே கண்ணாடி போல இருந்தது. குனிந்து அடியைப் பார்த்தால் துரு செதில் செதிலாகக் கையோடு வருகிறது. உப்புக்காற்று செய்யும் வேலை அது. இன்னொன்று வெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளாவில், 2021 நவம்பரில் நம் மாவட்டத்திலேயே தண்ணீர் ஏறியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னிக் குழியையும் பாருங்கள். மேலே கழுவினவர்கள் அங்கே சேற்றுக் கறையை விட்டுவிடுவார்கள். கே.எல். நம்பர், அதாவது கேரளா வண்டி, விலை குறைவு என்று எடுத்தால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் போட்ட பிறகு விலை பேசுங்கள்.

கடைசியில் அழகியமண்டபத்தில் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் வீட்டில் எடுத்தேன். காலை ஆறரைக்குப் போனேன், பானெட் குளிர்ந்திருந்தது. சாவியை அவரே என் கையில் தந்து, "எங்க வேணும்னாலும் கொண்டு போம்மா" என்றார். ஏற்றத்தில் மூன்று தடவை நிறுத்தி எடுத்தேன், பிடித்து நின்றது. ரிலீஸ் பேரிங் மட்டும் லேசாகச் சத்தம் போட்டது. சொன்னேன், எட்டாயிரம் குறைத்துக்கொண்டார். வண்டியைப் பெயர் மாற்றும் ஃபாரம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்தானது. வண்டியை வீட்டுக்கு நானே ஓட்டி வந்தேன்.