சத்தியக்கடதாசி கொடுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: தம்பிமேல் வெட்டுக்காய வழக்கு. சம்பவம் நடந்த அந்தி நேரத்தில் அவன் கொழுந்து மடுவத்தில் (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நின்றதைப் பக்கத்து லயத்து அக்கா கண்டிருக்கிறார். அவரை நொத்தாரிசிடம் கூட்டிப்போய் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் தம்பியை விட்டுவிடுவார்களா? (வாசகி, ஹட்டன்)

பதில்: கடதாசியை மட்டும் பார்த்து விடமாட்டார்கள். வழக்கு விளக்கத்தின்போது (நீதிமன்ற விசாரணையில்) அந்த அக்கா கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டும். வரத் தயாரா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். பிணை மனு போன்றவற்றுக்குச் சத்தியக்கடதாசி கைகொடுக்கும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. "நான் அங்கே இல்லை, மடுவத்தில் இருந்தேன்" என்று தம்பி பொலிஸ் வாக்குமூலத்தில் சொன்னாரா? வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 2005இல் சேர்க்கப்பட்ட 126அ பிரிவு குறுக்கே நிற்கும். பொலிஸிலோ ஆரம்ப விசாரணையிலோ இதைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால், விளக்கம் தொடங்க 14 நாளுக்கு முன்பே சட்டமா அதிபருக்கு அறிவிக்க வேண்டும். தவறவிட்டால், தகுந்த காரணம் காட்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால்தான் அந்தச் சாட்சியத்தை முன்வைக்கலாம். இன்றே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

சத்தியக்கடதாசிக்கு நொத்தாரிசு தேவையில்லை. சமாதான நீதவானோ சத்தியப் பிரமாண ஆணையாளரோ போதும். தம்பிக்காக ஆஜராகும் சட்டத்தரணியே ஆணையாளராக இருந்தாலும் அவர் முன் முடிக்கக்கூடாது, சட்டம் தடுக்கிறது.

அக்கா கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். "தம்பி நல்ல பிள்ளை, வெட்டியிருக்க மாட்டான்" என்பது உதவாது. "அந்தி 5.30க்குக் கொழுந்து நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் நின்றார், என்னுடைய கூடையைத் தூக்கிவிட்டார்" என்பதுதான் நிற்கும். நேரம் உறுதியாகத் தெரியாவிட்டால் "நிறுவை முடியும் முன்" என்றே எழுதட்டும். ஊகித்த நேரம் குறுக்கு விசாரணையில் உடைந்தால் மற்ற உண்மையும் சேர்ந்து உடையும்.

மலையகத்தில் அடிக்கடி பிழைக்கும் இடம் மொழி. சிங்களத்தில் தட்டச்சு செய்த தாளில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைத்துவிடுகிறார்கள். தமிழிலேயே எழுதக் கேளுங்கள். முடியாவிட்டால், தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற வரி உறுதிப்படுத்தும் பகுதியில் கட்டாயம் இருக்க வேண்டும். அக்கா இந்து என்றால் "உறுதியுரைக்கிறேன்", கிறிஸ்தவர் என்றால் "சத்தியம் செய்கிறேன்" என்று வரும்.

வீட்டிலேயே கையெழுத்து வாங்கிக் கொண்டுபோகாதீர்கள். முத்திரை வைப்பவரின் கண்முன் வைக்க வேண்டும். இடம், திகதி வெறுமையாக இருக்கக்கூடாது. அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் (தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில்) இன்னொரு பெயர் என்றால் இரண்டையும் எழுதி, இருவரும் ஒருவரே என்று முதல் பந்தியிலேயே குறிப்பிடுங்கள்.