கேள்வி-பதில்: தேம்ஸ் கரையில் ஒரு பைன்ட்

கேள்வி: லண்டன் வாப்பிங்கில் 'ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பி' பப்புக்குப் போனோம். 1520-லிருந்து இருக்கிறது என்கிறார்கள். கட்டடம் அவ்வளவு பழசாகத் தெரியவில்லையே, ஏமாந்தோமா?

பதில்: இல்லை. அந்த இடத்துக்குத்தான் அவ்வளவு வயது. பப் ஒருமுறை தீக்கிரையானது. இன்றைய முகப்பு 19-ஆம் நூற்றாண்டு வேலை. பழசைப் பார்க்க வேண்டுமென்றால் காலடியைப் பாருங்கள். அந்தக் கல்தளத்துக்கு 400 வயது என்கிறார்கள். பீப்பாய்கள் மேல் நிற்கும் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) பார் மேடையையும், ஆற்றுப் பக்கம் தொங்கும் தூக்குக் கயிற்றையும் பார்க்கத் தனிக்காசு கிடையாது.

கேள்வி: பில்லில் 12.5 சதவீத சேவைக் கட்டணம். கட்டியே ஆக வேண்டுமா?

பதில்: 'விருப்பத்துக்குரியது' என்று போட்டிருந்தால் வேண்டாம், எடுக்கச் சொல்லுங்கள். கவனிப்பு நன்றாக இருந்தால் கொடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணம் முழுதும் ஊழியருக்கே போக வேண்டும்.

கேள்வி: ஒரு பைன்ட் பீர் கேட்டேன். மேலே இரண்டு விரல் நுரை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

பதில்: இந்தக் கூச்சத்தைப் பற்றி எத்தனை தடவை எழுதுவது! ஒரு பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர். கிளாஸில் கோடு இருந்தால் பீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேல்தான். கோடில்லாமல் விளிம்புவரை அளக்கும் கிளாஸ் என்றால், 95 சதவீதமாவது பீராக இருக்க வேண்டும் என்பது பப் தொழில் சங்கமே வகுத்த நெறி. குறைந்தால், கேட்டவுடன் முகம் சுளிக்காமல் ஊற்ற வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இரண்டு விரல் என்றால் உங்களுக்கு நியாயமாக வர வேண்டியது வரவில்லை. ஒரு வாய்கூடக் குடிக்காமல் கிளாஸை மேடையில் வைத்து, "டாப் அப் ப்ளீஸ்" என்றால் போதும். விஸ்கிக்கும் இதே விழிப்பு வேண்டும்: 25 மில்லியா, 35 மில்லியா என்று கடையில் எழுதி வைத்திருப்பார்கள். விலையை ஒப்பிடுமுன் அதைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு இணையதளத்தில் மேசைக்கு முன்பணம் கட்டினேன். ஆற்றைப் பார்த்த இடம் கிடைக்கவில்லை. பணம் திரும்ப வருமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ரசீதில் 'மேசை' என்றுதான் இருக்கிறது, ஆறு என்ற சொல்லே இல்லை. வராது. கட்டுமுன் படிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? நானும் 'பழைய பப் நடை' என்ற வழிகாட்டிச் சுற்றுலா ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். மழையில் மூன்று வாசல்களில் நிறுத்திக் கதை சொன்னார்கள், ஒன்றுக்குள்ளும் நுழையவில்லை. 'உள்ளே அழைத்துச் செல்வோம்' என்று விளம்பரத்தில் எழுத்தில் இருந்தது. அதைக் காட்டித்தான் பாதிப் பணம் வாங்கினேன்.

கேள்வி: தண்ணீருக்குக் காசு கேட்டார்கள்.

பதில்: பாட்டிலுக்குக் கேட்கலாம். குடிக்கக் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும், அது மது உரிமத்தின் நிபந்தனை.

கேள்வி: பப்பை ஒட்டிய பெலிகன் படிக்கட்டில் ஆற்றங்கரைக்கு இறங்கி, பழைய களிமண் சுங்கான் (புகைபிடிக்கும் குழாய்) துண்டுகளைத் தேடி எடுக்கலாமா?

பதில்: லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச்சீட்டு இல்லாமல் கூடாது. சும்மா இறங்கினாலும் ஓத நேரம் பாருங்கள். தண்ணீர் ஏறினால் நீங்கள் நிற்கும் மணலே இருக்காது.