ஏடிபி கேப்சூல் வாங்கலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 44, பிறவியிலேயே சைவம். காம்ரேட்ஸ் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். முப்பது கிலோமீட்டர் தாண்டினால் கால் இரண்டும் கட்டையாகிவிடுகின்றன. 'உங்க உடம்பில் ஏடிபி தீர்ந்துபோகுது' என்று கடையில் 400 மில்லிகிராம் கேப்சூல் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கடைக்காரர் பாதி சரி. தசை சுருங்க ஏடிபி, அதாவது அடினோசின் ட்ரைபாஸ்பேட், இல்லாமல் முடியாது. 1929-இல் கார்ல் லோமன் தசையில் கண்டறிந்த மூலக்கூறு இது. அதன் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள்; கடைசியது கழன்றுகொள்ளும்போது வரும் ஆற்றலில்தான் செல் வேலை செய்கிறது. ஆனால் இதைச் சேமித்து வைக்கும் பழக்கம் உடம்புக்குக் கிடையாது. எந்த நேரத்திலும் இருப்பு இருநூறு கிராம் சொச்சத்தைத் தாண்டாது. ஓடும் தசையில் அது சில நொடிக்கே காணும். கழன்ற பாஸ்பேட்டைச் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டே இருப்பதால், சும்மா இருக்கும் நாளிலேயே உங்கள் எடை அளவுக்கு ஏடிபி உருவாகிச் செலவாகிறது. இதில் 400 மில்லிகிராம் எந்த மூலைக்கு? அதுவும் குடலில் சிதைந்துவிடும். ரத்தத்தில் ஏடிபி ஏறாது. அதிக அளவில் விழுங்கினால் ஏறுவது யூரிக் அமிலம். கௌட், அதாவது யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி, உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏடிபி உண்மையிலேயே தீர்ந்தால் நடப்பதே வேறு. சுருங்கிய தசை இழை பிடியை விடுவதற்கும் ஏடிபி வேண்டும். இறந்தவர் உடல் விறைப்பது அது இல்லாததால்தான். எவ்வளவு களைத்தாலும் உயிருள்ள தசை அந்த நிலைக்குப் போகாது, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடும்.

உங்களுக்குத் தீர்வது பெரும்பாலும் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை. தசையிலும் ஈரலிலுமாகச் சேர்ந்து அரைக் கிலோ அளவுதான் இருக்கும். காம்ரேட்ஸ் ஓட்டத்தின் சுமார் 90 கிலோமீட்டருக்கு அது எப்படிப் போதும்? பசி வரும்வரை காத்திராமல் முதல் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் வரை இருக்கும். வழியில் தரும் உப்பு போட்ட உருளைக்கிழங்கை நான் எந்த ஜெல்லுக்கும் மேலாகச் சொல்வேன். எதுவானாலும் பயிற்சி ஓட்டத்திலேயே வயிற்றுக்குப் பழக்குங்கள். முந்தின நாள் பீன்ஸ் கறியைக் குறைத்துச் சோற்றைக் கூட்டுங்கள்.

அடுத்து கடையில் கிரியேட்டின் டப்பாவை நீட்டுவார்கள்; ஏடிபியைச் சட்டென்று மீட்டுத் தர தசை வைத்திருக்கும் பொருள் அது. இது ஏமாற்று இல்லை. சைவர்களின் தசையில் கிரியேட்டின் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் அது உதவுவது சில நொடி முழுவேக வேலைக்கு. காம்ரேட்ஸ் பாதையில் வரும் பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தில் உங்களைத் தூக்கிவிடாது, உடம்பில் நீர் தங்கி எடைதான் கூடும்.

உணவைச் சரிசெய்தும் கால் கட்டினால் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபினோடு வைட்டமின் பி12, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கலாம்.